களைப்புக்கு மருந்தா பாட்டு?

"தொழிலாளர்கள் தமது வேலைக் களைப்பைப் போக்கிக்கொள்வதற்காகப் பாடியவையே தொழிற்பாடல்கள் ஆகும்." நாட்டார் இலக்கியம் பற்றி ஒரு வினா கொடுத்தால் பத்து விடைத்தாளில் எட்டிலாவது இந்த வாக்கியம் வந்து நிற்கும். ஓர் எழுத்துக்கூட மாறாது. டியூஷன் வகுப்பு நோட்ஸிலிருந்து வருகிறது. நோட்ஸுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, புள்ளியும் கிடைத்துவிடுகிறது. கொத்மலைப் பிரதேசத்தில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்த வாக்கியத்தோடு நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. தலைவலிக்கு ஒன்று, இடுப்பு வலிக்கு இரண்டு என்று போட்டுக்கொள்ள பாட்டு என்ன பெனடோல் வில்லையா?

மலையகப் பாடல்களைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் பெரும்பாலானவற்றில் இதே வாக்கியம் கொஞ்சம் கனத்த உடையில் வருகிறது. கண்ணீர், வேதனை, ஏக்கம், அவலம் ஆகிய சொற்கள் இல்லாமல் ஒரு பக்கம் நகராது. அவை பொய்யென்று யார் சொல்வது? கோப்பிக் காலத்திலிருந்து இந்த மலைகளில் நடந்தவற்றைத் தெரிந்த எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கண்ணீரை மட்டும் தேடி வாசிக்கிறவர் பாட்டில் இருக்கும் சிரிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார். அப்படித் தாண்டிப் போகும்போது அந்தப் பெண்களிடம் இருந்த ஒரு சொத்தையும் இல்லையென்று எழுதிவிடுகிறார். இந்தக் கட்டுரை அந்தச் சொத்தைப் பற்றியது.

சி. வி. வேலுப்பிள்ளையிலிருந்து தொடங்குவதுதான் முறை. 1914இல் வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர், எங்கள் பகுதிக்கு அயல்வாசி. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதலாவது பாராளுமன்றத்துக்குப் போனவர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய நெடுங்கவிதையை சக்தி பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். தேயிலைத் தூரின் அடியில் புதையுண்டு, ஒரு நடுகல்லும் இல்லாமல் போன மூதாதையருக்காக எழுந்த இரங்கற்குரல் அது. அதைப் படித்து நெஞ்சு கனக்காதவர் இருக்கமுடியாது. இதே சி. வி.தான் தோட்டம் தோட்டமாக வாய்மொழிப் பாடல்களைச் சேர்த்தவர். அவர் 1984இல் மறைந்த பின், 1987இல் அவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாகின. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் எனக்கு இரண்டு சி. வி. தெரிகிறார்கள். கவிஞர் சி. வி. மக்களுக்காக அழுகிறார். சேகரிப்பாளர் சி. வி. சும்மா இருந்து கேட்கிறார். அவர் கேட்ட பாட்டுகளில் ஒப்பாரியும் தாலாட்டும் இருக்கின்றன. கூடவே மச்சானைச் சீண்டுவதும், கங்காணியின் வீறாப்பைக் கிள்ளுவதும், சோடித்துக்கொண்டு வந்தவளைப் பகிடி பண்ணுவதும் இருக்கின்றன. நமது விமர்சனம் முதலாவது சி. வி.யை வைத்துக்கொண்டு இரண்டாமவரின் நூலை வாசித்துவிட்டது என்பதே என் குறை.

இதற்குக் கோட்பாட்டுக் காரணமும் ஒன்று உண்டு. பேராசிரியர் கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர். கவிதையின் வேர் கூட்டு உழைப்பின் தாளத்தில் இருக்கிறது என்பது தொம்சன் வழிவந்த பார்வை. அதற்குப் பின்னால் கார்ல் பூஹர் என்ற ஜேர்மானியர் 1896இல் வேலையும் தாளமும் பற்றி எழுதிய நூல் இருக்கிறது. இலக்கியம் ஏதோ அந்தரத்திலிருந்து விழுந்ததல்ல, கைகால் அசைந்த இடத்தில் முளைத்தது என்று எங்களுக்குக் காட்டியது இந்தப் பார்வைதான். அந்தக் கடன் பெரியது. வலை இழுக்கும்போது, துடுப்புப் போடும்போது, நெல் குற்றும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்யவேண்டும். பாட்டு அங்கே மேஸ்திரியாக நிற்கிறது. ஏலேலோவுக்கு அர்த்தம் கேட்கத் தேவையில்லை.

ஆனால் கொழுந்து பறிப்பதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அதில் பொதுத்தாளமே கிடையாது. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நிரையில் நிற்கிறாள். ஒருத்தியின் கை ஓடுகிற வேகத்துக்கும் அடுத்தவளின் கைக்கும் சம்பந்தமில்லை. கண் ஒரு கொழுந்தைத் தெரிவு செய்கிறபோதே விரல் இன்னொன்றைக் கிள்ளிவிடுகிறது. இரண்டு கையும் நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிய வேண்டும், திரும்பிப் பார்க்க நேரமில்லை. கரட்டிலை சேர்ந்தால் நிறுக்கிற இடத்தில் பேச்சுக் கேட்க வேண்டும். பறித்துப் போன தூரின் முகம் மட்டமாக இருக்கவேண்டும், அதற்குத்தான் மட்டக்கம்பு. இடுப்பில் படங்கு, காலடியில் சரிவு, அட்டை. கை பழகியவளுக்கு இதெல்லாம் கண்ணை மூடினாலும் வரும். அப்படிக் கைக்கு வேலை தெரிந்துவிட்ட பிறகு வாயும் மனசும் சும்மா இருக்கின்றன. பாட்டு பிறந்தது அந்தச் சும்மா இருந்த இடத்தில்.

ஆகவே தேயிலை மலைப் பாட்டு தாளத்துக்காகப் பிறந்ததல்ல, பேச்சுக்காகப் பிறந்தது என்று துணிந்து சொல்வேன். இந்த நிரையிலிருந்து ஒரு கேள்வி போகிறது, அந்த நிரையிலிருந்து பதில் வருகிறது. அடி ஒன்று, எதுகை ஒன்று, நடுவில் யாரோ ஒருவரின் பெயர். பதில் சொல்லத் தெரியாதவள் தோற்றாள். இதைச் சரியான தமிழில் விளையாட்டு என்றுதான் சொல்லவேண்டும்.

மாணவிகளின் சேகரிப்பு வேலை ஒன்றுக்காக நான் பூண்டுலோயாப் பக்கத் தோட்டமொன்றில் வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒரு பாட்டியிடம் போயிருந்தேன். நோட்ஸ் வாக்கியம் மனதில் கிடந்ததால் கேட்டேன், "களைப்பு போகத்தானே பாட்டி பாட்டுப் படிச்சீங்க?" பாட்டி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பாட்டுப் படிச்சா களப்பு போகுமா டீச்சர்? களப்பு தூங்குனாத்தான் போகும். பாட்டுப் படிச்சா பொழுது போகும்." பொழுதுபோக்கு என்ற சொல்லை நாம் எவ்வளவு இளக்காரமாகப் பயன்படுத்துகிறோம்! பெரட்டுக்குத் தப்பு அடித்த நேரத்திலிருந்து அந்தி நிறுவை வரை அந்தப் பொழுது துரையுடையது. அதற்குத்தான் பேர் போடுகிறார்கள், பிந்தினால் அரைப்பேர். விற்கப்பட்டுவிட்ட அந்தப் பொழுதிலிருந்து ஒரு துண்டைத் திருப்பி எடுத்துத் தன்னுடையதாகப் 'போக்குவது' சின்ன வேலையா?

"கங்காணியப் பத்திப் படிச்சா அவருக்குக் கேக்காதா?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். "கேக்கட்டும்னுதானே படிக்கிறது" என்றார் பாட்டி. காக்காயைப் பார்த்து, முருங்கை மரத்தைப் பார்த்துப் பாடுவார்களாம். கங்காணி வந்து 'யாரைச் சொல்கிறாய்' என்று கேட்டால் அவரே தன் தலையில் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டதாகிவிடும். கேட்காமல் போனால் அத்தனை பெண்களும் சிரிப்பார்கள். எதைச் செய்தாலும் தோல்வி! இலக்கண நூல்களில் பிறிதுமொழிதலுக்குக் குறளிலிருந்து உதாரணம் எடுத்துக் கற்பிக்கிறோம். நிரையில் நின்றவர்கள் அதைக் கவசமாகப் போட்டுக்கொண்டார்கள்.

இந்தச் சிரிப்பின் விலை தெரியவேண்டுமானால் பழைய பெரிய கங்காணி யாரென்று நினைத்துப் பார்க்கவேண்டும். ஆள் சேர்த்துக்கொண்டு வந்தவரும் அவர், கடன் கொடுத்தவரும் அவர். கடன் தொகை எழுதிய 'துண்டு' கையில் இல்லாமல் ஒரு குடும்பம் தோட்டம் மாறமுடியாது. அந்தத் துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தன் கடன் சீட்டை வைத்திருக்கிற மனிதனை அவன் காதுபடக் கேலி செய்கிறவளை 'அவலப் பாத்திரம்' என்று மட்டும் எழுதி முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதற்கு நேரெதிரான ஒரு நூலும் நம்மிடம் இருக்கிறது. 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. கோப்பிச் செய்கையைக் கும்மி மெட்டில் சொல்கிற நூல். மு. நித்தியானந்தன் தமது 'கூலித் தமிழ்' நூலில் இதை எடுத்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மலையகத்தின் முதல் நூல்களில் ஒன்று என்று வரலாறு இதற்கு இடம் கொடுக்கிறது, கொடுக்கவும் வேண்டும். ஆனால் அதன் வடிவத்தைக் கவனியுங்கள். கும்மி என்பது பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டி ஆடும் ஆட்டம். யாரும் யாரையும் ஏவாத இடம். அந்த ஆட்டத்தின் மெட்டை எடுத்து அதற்குள் தோட்ட வேலையின் பாடத்தை வைத்தால் என்ன ஆகும்? விளையாட்டு ஏவலாகிவிடும். நிரையில் நின்ற பெண்கள் செய்தது ஏவலை விளையாட்டாக்கியது. இரண்டையும் 'தொழில் பற்றிய பாடல்கள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் போட்டுக் கற்பிப்பது நியாயமா? (அந்தக் கும்மி வந்த அதே 1869இல்தான் கோப்பி இலையில் நோய் முதன்முதல் இலங்கையில் கண்டறியப்பட்டது. கும்மி அடித்து முடிவதற்குள் கோப்பியே போய்விட்டது.)

இந்த இடத்தில் நமது வாசகர்களில் சிலர் புருவம் உயர்த்துவார்கள் என்று தெரியும். பாட்டும் பகிடியும் வீண் காரியங்கள்தானே, அதைப் போய் ஓர் ஆசிரியை இவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டுமா என்று. மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற தகுதி எனக்கில்லை, அந்தப் பக்கம் போகவுமில்லை. ஆனால் அகழ் யுத்தம் நமக்கெல்லாம் தெரியும். ஹிஜ்ரி 5, மதீனாவில் குளிர் காலை, வயிற்றில் பசி. ஸஹாபாக்கள் அகழ் தோண்டுகிறார்கள். நபி (ஸல்) அவர்களும் மண் சுமக்கிறார்கள், வயிற்றுப் பகுதியைப் புழுதி மூடும் அளவுக்கு. சுமந்தபடியே அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரழி) அவர்களின் கவிதை அடிகளைச் சொல்கிறார்கள், அடியின் கடைசிச் சொல்லில் குரலை உயர்த்தி நீட்டுகிறார்கள். தோண்டுகிறவர்கள் பதில் அடி சொல்கிறார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. சீறா வகுப்புகளில் அகழின் போர்த்தந்திரத்தை விளக்குகிறோம், ஸல்மான் (ரழி) அவர்களின் ஆலோசனையைச் சொல்கிறோம். அந்த நீட்டிய குரலைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஓர் இலக்கிய மாணவியாக எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, அடி எடுத்துக்கொடுத்தவரின் தோளில் மண் இருந்தது என்பது. வேலைப் பாட்டை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. கோப்பிக் கும்மியின் குரல் கோப்பி பறித்த கூடைக்காரியின் குரலாக ஒலிக்கவில்லை. கங்காணியைக் கிண்டல் செய்தவளின் முதுகில் கூடை இருந்தது. 'வேலையில் மகிழ்ச்சி' என்று யார் எப்போது பேசினாலும் நான் முதலில் அவர் முதுகைத்தான் பார்ப்பேன்.

நமது சமூகத்துக்கும் இப்படியொரு பாட்டுச் சொத்து இருக்கிறது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகள் வயல் காவல் பரணிலும் அறுவடையிலும் ஊறியவை. ஆண் ஒரு கவி, பெண் ஒரு கவி என்று மாறி மாறிச் செல்லும் அவற்றில் எவ்வளவு குறும்பு! நிந்தவூர் எஸ். முத்துமீரான், மருதமுனை ஆ. மு. ஷரிபுத்தீன் போன்றவர்கள் நாட்டார் பாடல்களில் உழைத்திருக்காவிட்டால் அவையும் மண்ணோடு போயிருக்கும். மத்திய மலைநாட்டு முஸ்லிம்களாகிய எங்களுக்கு அப்படி ஒரு முழுத்தொகுப்பு இருப்பதாக நான் அறியேன். ஹப்புகஸ்தலாவை போன்ற ஊர்களில் வயலும் செய்தார்கள், கடையும் வைத்தார்கள், துணிப் பொட்டணி தூக்கிக்கொண்டு லயம் லயமாகவும் நடந்தார்கள். பொட்டணிக்காரர் வாய் சாதாரண வாயா? விலை பேசுவதே ஒரு கூத்து. ஆனால் அது பாட்டாகவில்லை, ஆகியிருந்தாலும் யாரும் எழுதி வைக்கவில்லை. இனியாவது எங்கள் மாணவர்கள் தங்கள் வாப்பும்மாவிடம் போய்க் கேட்கலாம்.

சிங்கள அயலவர்களிடமும் இதே செல்வம் உண்டு. நாற்று நடுகையிலும் களை பிடுங்குகையிலும் பெண்கள் பாடும் நெளும் கவி, காவல் குடிலில் பாடும் பெல் கவி என்று வேலைக்கு வேலை பெயர் வைத்திருக்கிறார்கள். பெல் கவியும் நமது பரண் கவியும் சம்பந்தி வீட்டுக்காரர் போல இருப்பதை யாராவது இருமொழி தெரிந்தவர் எழுதினால் நன்று. கொத்மலைப் பள்ளத்தாக்கின் வயல்கள் பல, 1985இல் முடிந்த அணைக்கட்டின் நீருக்கு அடியில் கிடக்கின்றன. அந்த வயல்களில் பாடப்பட்ட கவிகளும் அங்கேயே இருக்கின்றனவோ என்னவோ.

இனி, என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான ஒன்றைச் சொல்லவேண்டும். தேயிலைப் பெட்டியில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் இருக்கிறதே, அதற்கும் நான் சொல்கிற சிரிப்புக்கும் என்ன வித்தியாசம்? 'அவர்கள் சந்தோசமாகத்தான் இருந்தார்கள், பாட்டுக்கூடப் பாடினார்கள்' என்று கம்பனிக்காரர் சொல்ல நாமே வாய்ப்புக் கொடுக்கிறோமா? கண்ணீரை மட்டும் எழுதிய விமர்சகர்களின் பயம் இதுதான் என்று நினைக்கிறேன். அது நியாயமான பயம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு ஆண்டுக்கணக்கில் தெருவில் நிற்கவேண்டியிருந்தது. 2021இல் வர்த்தமானியில் வந்தபோது அந்த ஆயிரத்துக்குப் பழைய மதிப்பும் இருக்கவில்லை. பட்டினி கிடக்கிறவளிடம் போய் 'வேலையை நேசி, வேலை உன்னை நேசிக்கும்' என்பது அக்கிரமம். ஆசிரியர்களுக்கான செயலமர்வுகளிலும் இப்போது இந்த உபதேசம் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், கதிரை நாற்பது. வளவாளர் வந்து 'விளையாட்டாகக் கற்பியுங்கள்' என்று பலூன் ஊதச் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் முதுகையும் பார்த்தேன்.

பெட்டியில் இருக்கும் பெண் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். நிரையில் நின்றவள் பக்கத்து நிரையைப் பார்த்துச் சிரித்தாள். முதல் சிரிப்புக்கு ஓர் வாடிக்கையாளர் தேவை. இரண்டாவதைப் பார்த்தவர் யாருமில்லை, கங்காணியைத் தவிர. அவருக்கும் அது பிடிக்கவில்லை. 'சம்பளம் போதும்' என்று அந்தச் சிரிப்பில் எங்கும் எழுதியிருக்கவில்லை. 'இந்த வேலை எனக்குக் கைவந்தது, நீ எண்ணிப் பார்க்கிற கிலோவுக்கு வெளியேயும் நான் இருக்கிறேன்' என்பது வேண்டுமானால் இருந்தது. ஆகவே பாட்டில் மகிழ்ச்சியைக் காண்பது கூலிக் கோரிக்கையை மெலிவாக்காது. இவ்வளவு தேர்ந்த கைக்கும் வாய்க்கும் இவ்வளவு சொற்பமா கொடுத்தார்கள் என்ற கேள்வி அப்போதுதான் சரியாகச் சுடுகிறது.

அந்தப் பாட்டு இப்போது மலையில் கேட்பதில்லை. தொலைபேசியும் சினிமாப் பாட்டும் கொன்றுவிட்டன என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பாட்டி வேறொன்று சொன்னார். "இப்ப நெரையில ஆள் எங்க டீச்சர்? இருக்கிறதுகளும் கிலோவப் புடிக்க ஓடுதுங்க." பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கணக்கு. பராமரிப்புக் குறைந்த மலையில், புல் மூடிய தூரில், அந்த எடைக்கு எடுக்க வாய்க்கு ஓய்வில்லை. பதில் பாட்டுக்குப் பக்கத்து நிரையில் இன்னொருத்தி வேண்டும். அவள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையிலோ வீட்டு வேலையிலோ இருக்கிறாள். விளையாட்டு அழிந்ததை ரசனை மாற்றம் என்று எழுதுகிறவர்கள் மலைக்குப் போய் நிரைகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

சேகரிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்மொழிப் பாடல் திரட்டியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சி. வி.யும் சாரல் நாடனும் செய்த வேலைக்கு முன் நான் கைகட்டி நிற்கிறேன். ஆனாலும் வயதான ஒரு பெண், வெளியிலிருந்து வந்த ஆணின் முன்னால் எந்தப் பாட்டைப் படிப்பாள், எதை விழுங்குவாள்? எங்கள் பாட்டி முதலில் படித்தது மூன்று தாலாட்டும் ஒரு சாமிப் பாட்டும். தேநீர் குடித்து, பேரன் வெளியே போனபின்தான் மற்றவை வந்தன. அவற்றில் சில இந்தச் சஞ்சிகையில் அச்சேறத்தக்கவையல்ல. அச்சேறியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு 'மலையகப் பெண்ணின் உள்ளம்' என்று தலைப்பிட்டு எழுதுகிறவர்கள், அச்சேறாமல் போன மீதியையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதவேண்டும். பாட்டு எங்கே, எந்த வேலையில், யாரைப் பார்த்து, யார் காதுபடப் படிக்கப்பட்டது என்று பக்கத்தில் இரண்டு வரி குறித்துக்கொண்டால் பாதிக் கோட்பாட்டுச் சண்டை தீர்ந்துவிடும்.

கங்காணிப் பாட்டைப் போனில் பதிவு செய்ய மாணவிகள் கேட்டபோது பாட்டி ஒரே பிடிவாதமாக மறுத்துவிட்டார். அந்தக் கங்காணி மௌத்தாகி முப்பது வருசமாகிவிட்டதே என்றோம். "அவரு போயிட்டாரு. அவரு மகன்தான டவுன்ல கட வச்சிருக்கான். மாசக் கடைசியில அரிசி மாவு கடனுக்கு அங்கதான் போவணும்." மாணவிகள் குறிப்புப் புத்தகத்தில் மெட்டை மட்டும் எழுதிக்கொண்டு, பெயர் வருகிற இடத்தில் காக்காய் என்று போட்டுக்கொண்டார்கள்.